கேமரன் மலைத் தவளை: இத்தனை காடு இருந்தும் ஏன் ஆபத்து?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும், கேமரன் மலைக்கு ஒரு பயணம் போட்டுவிடும் குடும்பங்கள் பல. கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி, அவித்த சோளம், இரண்டு பை நிறையக் காய்கறி. பிறகு தேயிலைத் தோட்டத்தில் ஒரு படம். குளிருக்கு இதமாக ஒரு கோப்பைத் தேநீர்.

அதே மலையில் வாழும் ஓர் உயிரை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அது ஒரு தவளை. தீபகற்ப மலேசியாவைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. வாழிடம் குறைந்துகொண்டே போவதுதான் அதற்கு வந்திருக்கும் பெரிய ஆபத்து.

"சுத்திப் பார்த்தா பச்சைப் பசேல்னு காடுதானே தெரியுது, அப்புறம் எப்படி?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

எந்தத் தவளை அது?

அறிவியல் பெயர் லிம்னோநெக்டஸ் நிட்டிடஸ். 'நிட்டிடஸ்' என்றால் லத்தீன் மொழியில் பளபளப்பானது என்று பொருள். ஆங்கிலத்தில் அதைத் தானா ராத்தாவின் பெயரால் அழைக்கிறார்கள். ஆமாம், நீங்கள் பேருந்தில் போய் இறங்கும் அதே தானா ராத்தா!

அதை முதன்முதலில் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் நார்மன் ஸ்மெட்லி. சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் பணியாற்றியவர். கேமரன் மலையின் தவளைகள், பல்லிகள், பாம்புகள் பற்றி 1930களின் தொடக்கத்தில் அரும்பொருளகத்தின் ஆய்விதழில் எழுதினார். இந்தத் தவளைக்குப் பெயர் கிடைத்தது அதில்தான்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கேமரன் மலையில் போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்டது 1929இல். தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை போடப்பட்டதும் ஏறத்தாழ அதே காலம். தவளைக்குப் பெயர் வைத்தபோதே அதன் காட்டுக்குள் சாலையும் தோட்டமும் நுழைந்துவிட்டன.

லிம்னோநெக்டஸ் பேரினத்துத் தவளைகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. அவற்றில் பல இனங்களின் ஆண் தவளைகளுக்குக் கீழ்த்தாடையில் கோரைப்பல் போன்ற இரண்டு எலும்பு முனைகள் இருக்கும். உண்மையான பற்கள் அல்ல. இடத்துக்காக ஆண்கள் தங்களுக்குள் சண்டை போடும்போது அவை பயன்படுகின்றன.

நம் தவளைக்கு வேண்டியவை இரண்டே இரண்டு: நிழலான காடு, தெளிவான ஓடை.

மலை எப்படித் தீவாகிறது?

'கிணற்றுத் தவளை' என்று யாரையாவது கிண்டல் செய்திருப்பீர்கள். தன் சின்ன உலகத்தைத் தாண்டி எதுவும் தெரியாதவர் என்று அர்த்தம்.

மலைக்காட்டுத் தவளைகள் பலவற்றுக்கு அது கிண்டல் இல்லை, வாழ்க்கை. கிணறு கீழே இருக்கும், இவற்றின் உலகமோ மேலே இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

காரணம் எளிது. தவளை தோல் வழியாகவும் சுவாசிக்கிறது. அதற்குத் தோல் எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும். குளிர்ந்த, மூடுபனி சூழ்ந்த மலைக்காட்டுக்குப் பழகிய தவளையால் வெப்பமான தாழ்நிலத்தைக் கடந்து பக்கத்து மலைக்குப் போக முடியாது. கடலில் தனித்தனித் தீவுகள் இருப்பதுபோல, தாழ்நிலத்தின் நடுவே தனித்தனி மலைகள். ஆய்வாளர்கள் இவற்றை 'வானத் தீவுகள்' என்றே அழைக்கிறார்கள்.

தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பு போன்ற தித்திவங்சா மலைத்தொடரில் இதற்கு அழகான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்குள்ள ஓடைகளில் 'அன்சோனியா' எனும் சிறிய தேரைகள் வாழ்கின்றன. 2008இல் விவரிக்கப்பட்ட ஓர் இனத்துக்கு 'அன்சோனியா ஜீத்சுகுமாரனி' என்று பெயர். மலேசியத் தவளைகளை ஆராய்ந்த ஜீத் சுகுமாரனைச் சிறப்பிக்க வைத்த பெயர் அது. 2016இல் கெந்திங் மலையிலிருந்து இன்னொரு புதிய இனம் விவரிக்கப்பட்டது. அதற்கு என்ன பெயர் தெரியுமா? 'ஸ்மீகோல்'. ஆமா, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் வரும் அதே ஸ்மீகோல்தான்!

ஒரே மலைத்தொடர்தான். ஆனால் மலைக்கு மலை வேறு உறவினர்கள். ஒரு மலையில் ஓர் இனம் அழிந்துபோனால், பக்கத்து மலையிலிருந்து வந்து அந்த இடத்தை நிரப்ப ஆளில்லாமல் போகலாம்.

இதனால்தான் "மொத்தத்தில் எவ்வளவு காடு இருக்கு?" என்ற கேள்வி மட்டும் போதாது. எந்த உயரத்தில் இருக்கிறது, எந்த ஓடையை ஒட்டி இருக்கிறது, நடுவில் அறுந்துபோயிருக்கிறதா என்பதையும் கேட்கவேண்டும்.

கியா பார்மிலிருந்து மேலே: வழியில் என்ன தெரிகிறது?

கேமரன் மலை மாவட்டத்தின் பரப்பு சுமார் 712 சதுர கிலோமீட்டர். கியா பார்ம் கடல்மட்டத்துக்கு மேல் 1,600 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் உள்ளது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குறுகலான சாலை பிரிந்து பிரிஞ்சாங் மலை உச்சிவரை ஏறுகிறது. அடுத்த முறை போகும்போது கைப்பேசியைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பாருங்கள்.

முதலில் சந்தை, ஹோட்டல், வாகன நெரிசல். அடுத்து, சரிவுகளை மூடியபடி வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் கூரைகள். அவற்றுக்கு அடியில் தக்காளி, குடைமிளகாய், கீரை, பூக்கள். பிறகு கம்பளம் விரித்ததுபோல் தேயிலை. கடைசியாக உச்சியை நெருங்கும்போது பாசிக்காடு. மரம், வேர், கல் எல்லாவற்றிலும் பாசி. மேகத்தின் ஈரத்தையே பிடித்து உறிஞ்சும் காடு அது.

சில கிலோமீட்டர் தூரத்துக்குள் இத்தனை மாற்றம். ஒரு காலத்தில் இந்தச் சரிவுகள் எல்லாமே காடாக இருந்தவை. விவசாயமும் கட்டடமும் எங்கே வந்தன? சாலை போட வசதியான இடங்களிலும் ஆற்றை ஒட்டிய பள்ளத்தாக்குகளிலும் வந்தன. அதாவது, ஓடைத் தவளைக்கு எது நல்ல இடமோ, மனிதனுக்கும் அதுவே நல்ல இடம். மோதலே இங்குதான்.

ஓடை கலங்கினால் தவளைக்கு என்ன?

தவளை முட்டைக்கு ஓடு கிடையாது. தண்ணீரில் என்ன கலந்தாலும் நேரே உள்ளே போகும். பூச்சிமருந்தும் உரமும் மழையோடு வழிந்து ஓடையில் சேர்ந்தால் முதலில் அடிபடுவது முட்டையும் தலைப்பிரட்டையும்தான்.

அடுத்தது வண்டல். மரத்தை வெட்டிச் சரிவைத் தோண்டிவிட்டால், மழை மண்ணை அப்படியே அள்ளிக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். அன்சோனியா தேரைகளின் தலைப்பிரட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓடும் நீரில் அடித்துச் செல்லப்படாமல் இருக்க, உறிஞ்சான் போன்ற வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு, அதில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். பாறைமேல் சேறு படிந்தால் பிடிமானமும் போச்சு, சாப்பாடும் போச்சு.

மூன்றாவது நிழல். கரையோர மரங்கள் இல்லாத ஓடையில் வெயில் நேராக விழுகிறது. நீர் சூடாகிறது. சூடான நீரில் உயிர்வளி குறைகிறது.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. ஓடை முழுவதையும் அழிக்கத் தேவையில்லை. மேலே ஒரு சரிவை வெட்டினால் போதும், அதற்குக் கீழே உள்ள ஓடை முழுவதும் கலங்கும். கீழே காடு நன்றாகவே இருக்கலாம். வரைபடத்தில் அது பச்சையாகவே தெரியும். ஆனால் அந்த நீரில் தலைப்பிரட்டை பிழைக்காது. "இத்தனை காடு இருந்தும் ஏன்?" என்ற கேள்விக்குப் பாதி பதில் இதுதான்.

வெப்பம் கூடினால்?

மீதிப் பாதி பதில் பருவநிலையில் இருக்கிறது.

மலையில் 100 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 0.6 டிகிரி செல்சியஸ் குறையும். அப்படியென்றால் உலகம் 1 டிகிரி சூடானால், பழைய குளிரைத் தேடும் உயிரினம் 150 மீட்டருக்கு மேல் ஏறவேண்டும். தானா ராத்தாவின் உயரம் சுமார் 1,440 மீட்டர். பிரிஞ்சாங் மலை 2,031 மீட்டர். பக்கத்தில் உள்ள இராவ் மலை 2,110 மீட்டர். அதற்குமேல் ஏற மலையே இல்லை.

மேலே போகப் போக இடமும் சுருங்கும். கணக்குப் பாடத்தில் படித்த கூம்பை நினைவில் கொண்டுவாருங்கள். பாதி உயரத்தில் கூம்பின் குறுக்குப் பரப்பு, அடியில் இருந்ததில் நான்கில் ஒரு பங்குதான். மலை சரியான கூம்பு இல்லை என்றாலும் நிலைமை கிட்டத்தட்ட அதேதான். எல்லாரும் மாடிக்கு ஓடுகிறார்கள், ஆனால் மாடி சின்னது.

தேயிலையா, காய்கறியா? யார் குற்றவாளி?

ஒருவரைக் கைகாட்டுவது சுலபம். ஆனால் விஷயம் அவ்வளவு நேரானது இல்லை.

காட்டை முதலில் வெட்டித் திறந்தது தேயிலைக்காக. அந்த வேலையில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு பெரியது. நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்ற முடிவு அவர்களுடையது இல்லை. கூலிக்கு வந்தவர்கள் அவர்கள். அட்டைக்கடியிலும் குளிரிலும் உழைத்தார்கள். இன்று தோட்டங்களிலும் பண்ணைகளிலும் பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் வேலை செய்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த மலைகளில் வாழ்ந்துவரும் செமாய் பூர்வகுடி மக்களுக்கோ காடும் ஓடையும்தான் வாழ்வாதாரம்.

ஒருமுறை நட்ட தேயிலைச் செடி பல பத்தாண்டுகள் அதே இடத்தில் நிற்கும். வளர்ந்து நெருங்கிவிட்டால் மண்ணை ஓரளவு பிடித்துக்கொள்ளும். காய்கறி அப்படியில்லை. ஆண்டுக்குப் பலமுறை மண்ணைக் கிளறவேண்டும். திறந்தவெளியில் பயிரிட்டால் மண்ணரிப்பு அதிகம். பிளாஸ்டிக் கூரை போட்டால் மண் கரைவது குறையும். ஆனால் மண்ணுக்குள் இறங்கவேண்டிய மழைநீர் கூரையில் விழுந்து ஒரே பாய்ச்சலாக ஓடைக்குள் போகும்.

ஆக, தவளையின் பார்வையில் தேயிலையும் காடு இல்லை, காய்கறியும் காடு இல்லை. இருப்பதற்குள் எது குறைந்த சேதம் செய்கிறது என்பதுதான் கேள்வி. இருக்கும் பண்ணையை ஒழுங்காக நடத்துவது ஒன்று. புதிதாக, செங்குத்தான சரிவை அனுமதியின்றி வெட்டுவது வேறொன்று. பெரிய சேதம் இரண்டாவதில்தான்.

விவசாயிகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அவர்களில் பலர் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய தற்காலிக உரிமத்தில் பயிர் செய்துவந்தவர்கள். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர், செலவு செய்து படிக்கட்டு வரப்பு அமைப்பாரா? கரையோரம் மரம் நட்டு அது வளரும்வரை காத்திருப்பாரா? நில உரிமை உறுதியாக இல்லாத இடத்தில் மண்ணைப் பாதுகாக்கச் சொல்வது கடினம்.

மற்ற தேயிலை மலைகளில் என்ன நடந்தது?

இதே கதையை இலங்கை முன்பே பார்த்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் அங்கு மலைக்காடுகள் முதலில் காப்பிக்காக அழிக்கப்பட்டன. 1869 முதல் இலைத்துரு நோய் காப்பியைத் தாக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. உலகில் அற்றுப்போனதாகப் பட்டியலிடப்பட்டுள்ள நீர்நில வாழ் உயிரினங்களில் ஏறக்குறைய பாதி, அந்தச் சின்னத் தீவைச் சேர்ந்தவை.

ஆனால் அங்கிருந்து ஒரு நல்ல செய்தியும் வந்தது. 'சூடோஃபிலாட்டஸ் ஸ்டெல்லாட்டஸ்' எனும் மரத்தவளை 1853இல் நுவரெலியாவிலிருந்து விவரிக்கப்பட்டது. அதன்பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அற்றுப்போனது என்றே முடிவு செய்துவிட்டார்கள். 2009இல் சிவனொளிபாத மலைக் காட்டில் அது மறுபடியும் கிடைத்தது! 150 ஆண்டுகளுக்கும் மேலாக அது எங்கே இருந்தது? வெட்டப்படாமல் மிஞ்சிய காட்டில்தான்.

மூணாறு தேயிலைத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஆனைமுடியிலும் அப்படி ஒன்று உண்டு. அங்கு வாழும் செந்நிறப் புதர்த்தவளை ஒன்றை 2010இல்தான் அறிவியல் உலகம் அறிந்துகொண்டது. 2,695 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தைச் சுற்றி மிகச் சிறிய பரப்பில்தான் அது வாழ்கிறது. இரவிகுளம் தேசியப் பூங்கா இல்லையென்றால் அதன் கதி என்னவாகியிருக்கும்?

இரண்டு இடங்களும் சொல்லும் பாடம் ஒன்றே. சின்னத் துண்டுக் காடு என்றாலும் சரி, சரியான இடத்தில் மிஞ்சினால் ஓர் இனமே பிழைக்கும்.

தவளை போனால் நமக்கென்ன?

2023இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த மதிப்பீடு 8,011 வகை நீர்நில வாழ் உயிரினங்களை ஆராய்ந்தது. அவற்றில் 40.7 விழுக்காடு அழியும் ஆபத்தில் உள்ளன. முதுகெலும்புள்ள விலங்குகளில் மிக மோசமான நிலையில் இருப்பது இந்தக் கூட்டம்தான். பாதிப்புக்கு ஆக அதிகமான காரணம் வாழிட இழப்பு.

"சரி, பாவம்தான். ஆனா எனக்கென்ன?" என்று தோன்றுகிறதா?

2013 அக்டோபர் 23 அதிகாலை. கனமழையில் நிரம்பிய சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் இருட்டில் வெள்ளம் புகுந்தது. உயிர்கள் பறிபோயின, வீடுகள் சேதமாயின. அடுத்த ஆண்டு நவம்பரில் மறுபடியும் மண்சரிவு, சேற்று வெள்ளம், உயிரிழப்பு.

அந்த அணை 1963இல் கட்டி முடிக்கப்பட்டது. மேலே உள்ள சரிவுகளிலிருந்து அடித்துவரப்பட்ட மண் அதன் நீர்த்தேக்கத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே வந்தது. மண் சேரச் சேர, நீருக்கு இடம் குறையும். தலைப்பிரட்டையின் பாறையை மூடும் அதே சேறுதான் அணையையும் நிரப்புகிறது. தவளை குடியிருக்கும் அதே ஓடைகளிலிருந்துதான் மலைவாழ் மக்களுக்குக் குடிநீரும் வருகிறது.

எனவே, ஓடைத் தவளை காணாமல் போவது முதல் எச்சரிக்கை மணி. அதைக் கேட்க ஆளில்லை என்றால், அடுத்த மணி மனிதர்கள் வீட்டு வாசலில் ஒலிக்கும்.

யார் கையில் இருக்கிறது?

மலேசியாவில் நிலமும் காடும் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. கேமரன் மலையைப் பொறுத்தவரை அது பகாங் மாநிலம். வனவிலங்குப் பாதுகாப்புக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. சரிவான நிலங்களைக் காப்பதற்கு 1960ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. சட்டம் இல்லாதது பிரச்சினை இல்லை. எந்தச் சரிவை விடுவது, எந்தச் சரிவை வெட்ட அனுமதிப்பது, அனுமதியின்றி வெட்டினால் எவ்வளவு சீக்கிரம் நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

பாசிக்காட்டில் மரப்பாதையை விட்டு இறங்காதீர்கள். ஒரு படத்துக்காக மிதிக்கும் பாசி திரும்ப வளரப் பல காலம் ஆகும்.

ஓடையில் கல்லைப் புரட்டாதீர்கள். அதன் அடியில் யாராவது குடியிருக்கலாம்.

தவளையைக் கையால் பிடிக்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் சன்ஸ்கிரீனும் கொசுமருந்தும் அதன் தோல் வழியாக உள்ளே போகும்.

வேறு காட்டுக்குப் போய்வந்த காலணியா? சேற்றைக் கழுவி, உலர்த்திவிட்டு வாருங்கள். தவளைகளைத் தாக்கும் சைட்ரிட் பூஞ்சை ஈரமான சேற்றோடு இடம் மாறக்கூடும்.

தவளையைப் பார்த்தாலோ அதன் குரலைக் கேட்டாலோ தூரத்திலிருந்து பதிவு செய்து 'ஐநேச்சுரலிஸ்ட்' செயலியில் போடுங்கள். 'தவளை தன் வாயால் கெடும்' என்பார்கள். ஆய்வாளர்கள் கையில் அந்தக் குரல் சிக்கினால், தவளை தன் வாயாலேயே பிழைக்கவும் வாய்ப்புண்டு.

காய்கறி வாங்கும்போது 'மைகேப்' சான்றிதழ் உள்ளதா என்று கேளுங்கள். நல்ல பண்ணை நடைமுறைகளைப் பின்பற்றுவோருக்கு மலேசியா வழங்கும் சான்றிதழ் அது. வாங்குபவர் கேட்டால்தான் விற்பவர் கவனிப்பார்.

நல்ல தக்காளியும் வேண்டும், தெளிந்த ஓடையும் வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. ஏற்கெனவே திறந்த நிலத்தில் நன்றாக விளைவித்து, மிச்சமிருக்கும் சரிவையும் ஓடைக்கரையையும் தொடாமல் விட்டால் இரண்டுமே கிடைக்கும். அந்தக் கரைகளில் வாழும் தவளைக்கு வேறு முகவரி இல்லை.